தந்தைமார்களே!

எந்தக் கட்சி மேடையா இருந்தாலும் மைக்கைத் தட்டிப் பார்த்துட்டு முதல்ல சொல்றது "தாய்மார்களே, பெரியோர்களே". என்னிக்காவது "தந்தைமார்களே"ன்னு யாராவது கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல. குழந்தை பிறக்கற வரைக்கும் அது எனக்கு உறைக்கவும் இல்ல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2015ல தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தாங்க. நான் அப்ப இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். "இதுக்கெல்லாமா ஓட்டு விழும்"னு ஹாஸ்டல்ல உக்காந்து நக்கலடிச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். அடுத்த வருஷம் போட்ட என் முதல் ஓட்டு, எங்கப்பா எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்கு. யோசிக்கவே இல்ல.

2023 கடைசியில மூணு மாசக் குழந்தையோட ஊருக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் பாப்பா பசியில வீல்வீல்னு கத்துது. எதிர்லயே அந்த அறை. வெளிய பூட்டு! சாவி யார்கிட்டன்னு கேட்டா அவரைக் கேளு, இவரைக் கேளுங்கறாங்க. கடைசியில ஒரு துணிக்கடை அக்காதான் உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சாங்க. எனக்கு அதோட மறந்துபோச்சு. தங்கமணிக்கு மறக்கல.

எங்களுக்கு ஓட்டு ஊர்லதான். 2024 பாராளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டு கேட்டு வீட்டுக்கு வந்தாங்க. நான் வருமான வரியைப் பத்திப் பெருசா ஏதோ ஆரம்பிச்சேன். தங்கமணி குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, "அண்ணே, பஸ் ஸ்டாண்டுல பால் குடுக்கற ரூம் சாவி யார்கிட்ட இருக்கும்?"னு கேட்டாங்க.

"இது பாராளுமன்றத் தேர்தல்மா."

"அப்ப எந்தத் தேர்தல்ல கேக்கணும்னாவது சொல்லிட்டுப் போங்கண்ணே."

பதில் இல்ல.

ஒரே வீடு, ஒரே குழந்தை. அவங்க கேள்வி சாவியில நிக்குது, என் கேள்வி சம்பளத்துல நிக்குது. அமெரிக்காவுல லாரல் எல்டர், ஸ்டீவன் கிரீன்னு ரெண்டு அரசியல் பேராசிரியர்கள் 2012ல இதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டிருக்காங்க. அம்மா ஆனவங்க சமூக நலத் திட்டங்கள் பக்கம் கூடுதலா சாயறாங்க, அப்பாக்கள்கிட்ட அப்படி ஒரு சாய்வு தெரியலங்கறாங்க.

உடனே "தாய் மனசு"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க. மனசு இல்லைய்யா, வேலை! யார் தூக்கிட்டு அலையறாங்களோ அவங்களுக்குத்தான் பூட்டு கண்ணுல படும். தங்கமணி ஆபீசுக்குத் திரும்பினதும் பகல்ல பாப்பா என் பொறுப்பு. லேப்டாப் ஒரு கையில, டயப்பர் ஒரு கையில. மூணே நாள்ல நாக்கு தள்ளிடுச்சு. அப்பதான் 2017 பேறுகாலச் சட்டத் திருத்தத்தை முழுசா படிச்சேன். அம்மாவுக்கு 26 வாரம் லீவு. 50 பேர் வேலை பார்க்கற இடத்துல குழந்தைக் காப்பகம் வேணும். அப்பாவுக்கு? ஒரு நாள்கூட இல்ல. ஏழு வருஷமா அது என் கண்ணுலயே படல.

1982ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம், 2022ல ஸ்டாலின் காலை உணவுத் திட்டம். பிள்ளைங்க சோறு ஓட்டா மாறும்னு கட்சிகளுக்கு நல்லாவே தெரியும். ஆனா அது அம்மாக்களோட ஓட்டுன்னுதான் கணக்குப் போடறாங்க. பிள்ளை வளர்ப்பு பொம்பளை விஷயம்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க, நாமளும் வசதியா ஒத்துக்கிட்டோம். அது பத்தாதுன்னு "இலவசத்துக்கு ஓட்டுப் போடறாங்க"ன்னு வாட்ஸப்புல ஃபார்வர்டு வேற. நாம வரிச்சலுகை கேட்டா கொள்கை, அவங்க ரூம் சாவி கேட்டா இலவசமா? என்னங்க நியாயம் இது?

அதனால அடுத்த தடவை ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட சாவியைப் பத்தி நான்தான் முதல்ல கேக்கப் போறேன். தங்கமணி வேணா வருமான வரியைக் கேக்கட்டும் :-)

அப்பா பதிவர்களே, குழந்தை வந்த பிறகு உங்க ஓட்டு மாறுச்சா, இல்ல வீட்டுல அவங்க ஓட்டு மட்டும்தான் மாறுச்சா? உண்மையைச் சொல்லுங்க.