இரண்டாம் பாகத்தில் அவள் எங்கே?

படத்துக்குப் பெயர் வைப்பது ஒரு காலத்தில் பெரிய காரியமாக இருந்தது. ஜோசியரைக் கேட்பார்கள், விநியோகஸ்தரைக் கேட்பார்கள், இருவரும் ஒத்துக்கொண்ட பெயரைக் கடைசியில் கதாநாயகர் மாற்றிவிடுவார். இப்போது அந்தத் தொல்லை பாதி குறைந்துவிட்டது. ஏற்கெனவே நன்றாக ஓடிய படத்தின் பெயருக்குப் பக்கத்தில் '2' என்று ஓர் எண்ணைப் போட்டால் தீர்ந்தது. டவுன் பஸ்ஸுக்கு நம்பர் போடுவதுபோல் படங்களுக்கும் நம்பர் வந்துவிட்டது.

எங்கள் நாஞ்சில் நாட்டில் கல்யாணம் முடிந்த மறுநாள் சுண்டக்கறி என்று ஒன்று உண்டு. முந்தின நாள் பந்தியில் மீந்த அவியல், சாம்பார், இன்ன பிற எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கூட்டிச் சுண்ட வைப்பது. அதன் ருசியே தனி. சில பேருக்குக் கல்யாணச் சாப்பாட்டைவிட அதுதான் பிடிக்கும். படாதிபதிகளும் அந்த நம்பிக்கையில்தான் அடுப்பு மூட்டுகிறார்கள் என்று தோன்றுகிறது. நேற்று மீந்த வசனம், நேற்று மீந்த சண்டை, நேற்றுச் செத்த வில்லனின் மகன்! ஆனால் சினிமாச் சுண்டக்கறி எப்போதாவது ஒரு தடவைதான் வாய்க்கு விளங்குகிறது.

ருசியைப் பற்றிப் பேச எத்தனையோ விமர்சகர்கள் இருக்கிறார்கள். நான் இந்த வாரம் கேட்க வந்தது வேறு. முதல் படத்தில் ஒரு பெண் இருந்தாளே, அவள் இரண்டாவது படத்தில் எங்கே போனாள்?

'எந்திரன்' (2010) ஞாபகம் இருக்கிறதா? விஞ்ஞானி வசீகரன் செய்த யந்திர மனிதன், அவனுடைய காதலி சனாவின் மேலேயே மையல் கொண்டான். அதனால்தான் அத்தனை ரகளையும். மருத்துவம் படிக்கும் அந்தப் பெண் இல்லாவிட்டால் கதையே இல்லை. எட்டு வருஷம் கழித்து, 2018-ல், '2.0' வந்தது. வசீகரன் வந்தான், சிட்டி வந்தான், சனா மட்டும் டெலிபோனில் குரலாக வந்தாள்! யந்திர மனிதனுக்கு யந்திரப் பெண்ணாகவே நிலா என்று ஒருத்தியைச் செய்து கொடுத்துவிட்டார்கள். இரும்புக்கு இரும்பு ஜோடி சேர்ந்தது. மனுஷி 'ஹலோ' சொல்லிக்கொண்டிருந்தாள்.

'சாமி' (2003) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் போலீஸ் அதிகாரி ஆறுச்சாமியும் புவனாவும் பேசிய வீட்டுப் பேச்சுக்காகவே படத்தை மறுபடி பார்த்த குடும்பங்கள் உண்டு. த்ரிஷா செய்த வேஷம் அது. 2018-ல் வந்த 'சாமி ஸ்கொயர்' படத்தில் புவனாவாக ஐஸ்வர்யா ராஜேஷ் வந்தார். வந்தார் என்றா சொன்னேன்? கர்ப்பிணியாக வந்து கொலையாகிப் போனார். பிறந்த பிள்ளை வளர்ந்து பழி தீர்க்க வேண்டும் அல்லவா, அதற்காக. இயக்குநர் ஹரியின் மற்றொரு வரிசையான 'சிங்கம்' படங்களில் காவ்யா மூன்றிலும் இருக்கிறாள். அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் 2010-ல் காதலித்த பெண்ணுக்கு 2013-ல் வந்த இரண்டாம் படத்திலும் கல்யாணத்துக்குக் காத்திருப்பதே உத்தியோகம். ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு புதுப் பெண் வேறு வந்து சேர்கிறாள்.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார்கள். எந்தப் படத்தையும் விடுகிறதில்லை. "படம் கொள்ளாமா ஆச்சி?" என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதிலுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் சம்பளம் கொடுக்கலாம். 'விடுதலை'யின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டேன்.

"வாத்தியார் பேசுகாரு, பேசுகாரு, பேசிக்கிட்டே இருக்காரு மக்கா. நல்ல பேச்சுதான். ஆனா அந்தத் தமிழரசிப் பிள்ளை என்னாச்சு? போலீஸ்காரப் பையனை நம்புனாளே, அவளுக்கு நல்லது நடந்துதா இல்லையா? அதை யாராவது சொன்னாத்தானே!"

ஆச்சி சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாகர்கோவில்வாசியான எழுத்தாளர் ஜெயமோகனின் 'துணைவன்' என்ற சிறுகதையை அடிப்படையாக வைத்து வெற்றிமாறன் எடுத்த படம் அது. 2023 மார்ச்சில் வந்த முதல் பாகத்தில், மலைக்காட்டு முகாமில் ஜீப் ஓட்டும் கான்ஸ்டபிள் குமரேசனும் தமிழரசியும்தான் நம் நெஞ்சில் தங்கினார்கள். 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகம் பெருமாள் வாத்தியாருடைய பழைய கதைக்குள் போய்விட்டது. அதில் வாத்தியாரின் மனைவி மகாலட்சுமி என்ற இன்னொரு பெண் உண்டு. மஞ்சு வாரியர் அழகாகவே செய்திருந்தார். இருந்தாலும் பாதியில் விட்டுவந்த பெண்ணைப் பற்றி ஜனங்கள் விசாரிக்கத்தானே செய்வார்கள்?

இந்தக் கேள்விக்கு வெகு நாளைக்கு முன்பே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பதில் வைத்திருந்தார். அவர் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன்.

கலைவாணரை நாம் ஹாஸ்ய நடிகராகத்தான் நினைக்கிறோம். அவர் டைரக்டராகவும் இருந்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அவர் இயக்கியவை இரண்டே படங்கள். 1951-ல் 'மணமகள்', 1952 டிசம்பர் கடைசியில் 'பணம்'. முதல் படம், அடுத்த படம் என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடக் கச்சிதமான ஜோடி கிடைக்குமா?

'மணமகள்' அமோகமாக ஓடிய படம். மலையாள நாடகம் ஒன்றிலிருந்து எடுத்த கதை, மு. கருணாநிதி வசனம்; சி.ஆர். சுப்பராமன் சங்கீதம். அதுவரையில் நாட்டியத்துக்காக மட்டும் தமிழ்ப் படங்களில் வந்துபோய்க்கொண்டிருந்த பத்மினியைக் கதாநாயகியாக ஆக்கியவர் கலைவாணர்தான். எம்.எல். வசந்தகுமாரி பாடியவை இன்றைக்கும் நவராத்திரிக் கொலுவில் ஒலிக்கின்றன.

இப்படி ஒரு படம் கொடுத்தவர் அடுத்தபடி என்ன செய்திருக்கலாம்? இன்னொரு மணமகளைக் கொண்டுவந்து, இன்னும் பத்துப் பாட்டைப் போட்டு, இன்னொரு கல்யாணத்தை நடத்தியிருக்கலாம். பணம் கொட்டியிருக்கும். அவரோ அதே பத்மினியைக் கூப்பிட்டு, "சரி, கல்யாணம் ஆகிவிட்டது, புகுந்த வீட்டில் இவளுக்கு என்ன விலை போட்டார்கள்?" என்று கேட்பதுபோல அடுத்த படத்தை எடுத்தார். கதை வேறு, பாத்திரங்கள் வேறு. ஆனால் கேள்வி முந்தின படத்திலிருந்து ஒரு படி மேலே ஏறிய கேள்வி. மாமனாரின் பணத்தாசையால் ஒரு மருமகளின் வாழ்வு படும் பாடுதான் 'பணம்'. வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961-ல்தான் வந்தது. அதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்.

இது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. நாஞ்சில் நாட்டில் சொத்துக்கும் பெண்ணுக்கும் உள்ள வழக்கு மிகப் பழையது. மருமக்கள் வழி என்ற ஏற்பாட்டில் ஒருவன் தேடிய சொத்து அவன் சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். கட்டிய மனைவியும் பெற்ற குழந்தைகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்தக் கொடுமையைச் சிரிக்கச் சிரிக்க ஒரு மான்மியமாகவே பாடி வைத்தார். நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரில் 1926-ல் வந்தபோது கிருஷ்ணனுக்குப் பதினேழு, பதினெட்டு வயது. சிரிக்க வைத்துச் சுடுகிற வித்தையை இந்த மண்ணிலேயே கற்றுக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

அது சரி, 'பணம்' என்ன ஆயிற்று? அங்கேதான் பரிதாபம். அந்த வருஷம் தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்துவிட்டது. புதிதாக வந்த சிவாஜி கணேசன். அதே கருணாநிதி வசனம். கோர்ட் காட்சியை மனப்பாடம் செய்துகொண்டு திரிந்தார்கள் வாலிபர்கள். இரண்டு மாதத்துக்கெல்லாம் அதே நடிகர், அதே வசனகர்த்தா என்று 'பணம்' வந்து நின்றால் ஜனங்கள் எதோடு ஒப்பிடுவார்கள்? கலைவாணரின் முதல் படத்தோடு கூட அல்ல, வேறொருவர் எடுத்த படத்தோடு! தம்பியின் பரீட்சை மார்க்கைப் பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கோடு ஒப்பிட்ட கதைதான். பாவம், 'பணம்' அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

ஆனால் அந்தப் படத்தில் விதைத்தவை வீண்போகவில்லை. சிவாஜியும் பத்மினியும் முதன்முதலாக ஜோடியானது அதில்தான். 'மணமகள்' படத்துக்கு இசையமைத்த சுப்பராமன் 1952-ல் காலமானதும், அவரிடம் உதவியாளர்களாக இருந்த இரண்டு இளைஞர்களை ஜோடியாகச் சேர்த்துக் கலைவாணர் தம்முடைய அடுத்த படத்தை ஒப்படைத்தார். அவர்கள்தான் விஸ்வநாதன்-ராமமூர்த்தி. போன படத்தின் மெட்டையே இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லாமல், போனவருடைய சிஷ்யர்களைப் புதிதாக வாசிக்கச் சொன்னாரே, தொடர்ச்சி என்றால் இதுவல்லவா தொடர்ச்சி! மூன்றாவது படம் ஒன்றை அவர் இயக்கவே இல்லை. 1957 ஆகஸ்டில், நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்து ஒரு வருஷம் நிறைவதற்குள், போய்விட்டார்.

அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு நாஞ்சில் சரக்கு சினிமாவுக்குப் போயிற்று. தங்கர் பச்சானின் முதல் படமான 'அழகி' 2002 பொங்கலுக்கு வந்து எல்லோரையும் அழ வைத்தது. பள்ளிக்கூடத்துக் காதலி தெருவில் நிற்பதைப் பார்த்துக் கலங்கும் கணவன், அதைப் பார்த்துக் கலங்கும் மனைவி! அடுத்த படத்துக்கும் அவர் ஒரு பழைய காதலியைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. நாஞ்சில்நாடன் 1977-ல் எழுதிய 'தலைகீழ் விகிதங்கள்' நாவலைக் கையில் எடுத்து, அதே வருஷக் கடைசிக்குள் 'சொல்ல மறந்த கதை' ஆக்கினார். ஏழைப் பட்டதாரிக்குப் பணக்கார வீட்டுப் பெண். மாமனார் வீட்டில் அவனுக்கு மரியாதை இல்லை. அப்பாவின் பணத்துக்கும் புருஷனின் மானத்துக்கும் நடுவில் அந்தப் பெண். சேரன் கதாநாயகனாக நடித்த முதல் படம் அது. 'அழகி' ஓடிய ஓட்டம் ஓடவில்லை. என்னைக் கேட்டால், வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்க இரண்டாவதுதான் அழுத்தமான படம்.

கல்கத்தாவிலும் இதே கதை நடந்திருக்கிறது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955-ல் வந்து கொண்டாடப்பட்டது. மறு வருஷம் அதன் தொடர்ச்சியான 'அபராஜிதோ' வந்தது. மகன் படிக்கக் கல்கத்தா போய்விடுகிறான்; தாய் சர்வஜயா கிராமத்தில் தனியாக, ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்து கண்ணை மூடுகிறாள். பெற்ற தாயை ஒரு பிள்ளை இப்படியா விட்டுவிடுவான் என்று வங்காளத்து ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். படம் ஓடவில்லை. 1957-ல் வெனிஸ் திரைப்பட விழா அதற்குத் தங்கச் சிங்கம் கொடுத்தது! ஹாலிவுட்டில் 'காட்ஃபாதர்' முதல் படம் (1972) முடிகிறபோது மனைவி கேயின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படும். 1974-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் திரும்பவும் வாசலில் வந்து நிற்கிறாள். திரும்பவும் கதவைச் சாத்துகிறான் கணவன். அந்த ஒரு கதவில் இரண்டு படமும் சேர்ந்துகொள்கின்றன.

தொடர்கதை படிக்கிற நமக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் 'பொன்னியின் செல்வ'னுக்காகக் காத்திருந்த பாட்டிமார்களின் பேத்திகள்தாமே நாம்? மணிரத்னம் அதை இரண்டு பாகமாக 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் கொண்டுவந்தார். அதற்கும் ஜெயமோகன்தான் வசனம். வசூலில் முதல் பாகத்துக்குத்தான் ஜயம். ஆனால் இரண்டாம் பாகம் நந்தினியின் சிறு வயதிலிருந்து தொடங்கியது. கடம்பூரில் அவளும் ஆதித்த கரிகாலனும் எதிரெதிரே நிற்கிற காட்சிக்கு முதல் பாகத்தில் இணை கிடையாது. ஏன் இப்படி ஆனாள் என்று தெரிந்த பிறகு அவளைப் பார்ப்பது வேறு மாதிரிதான் இருக்கிறது.

கடைசியாக, எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சமாசாரம் ஒன்று. ஜீத்து ஜோசப் 2013-ல் மலையாளத்தில் எடுத்த 'த்ருஷ்யம்' தமிழில் 'பாபநாசம்' (2015) ஆயிற்று. மலையாளத்தில் 2021-ல் இரண்டாம் பாகம் வந்தது. ஆறு வருஷம் ஆகியும் அந்த வீட்டில் மூத்த மகளுக்குப் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. புருஷனோ சினிமாக் கொட்டகை கட்டிவிட்டான். படம் எடுக்கப் போகிறேன் என்கிறான். மனைவி ராணிக்குப் பேச ஆள் இல்லை. தாங்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மனத்தைத் திறக்கிறாள். அந்தப் பெண்ணோ போலீஸ் அனுப்பிய ஆள்! கதை முழுவதும் அந்த ஒரு வாய்த்திறப்பில் திரும்புகிறது. குற்றத்தை மறைத்தவன் கணவனாக இருக்கலாம். அதோடு நாள் தவறாமல் சமையலறையில் குடித்தனம் செய்தவள் அவள் அல்லவா?

தமிழ் ராணியாகக் கௌதமி நடித்தாரே, அவர் வீட்டுக் கதவை யாரும் இன்னும் திரும்பத் தட்டவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மலையாளம் தெரியும், அங்கேயே பார்த்துக்கொண்டார்கள்.