வர்ணந் தீட்டுமுன்

விடுமுறை நாட்களில் வர்ணப் பெட்டியுங் கையுமாகப் பண்ணைக் கடற்கரைக்குச் செல்லும் மாணவர் பலரை நாம் அறிவோம். வானம், நீர், பனைகள், வள்ளங்கள், காகங்கள் ஆகிய யாவற்றையும் ஒன்றுவிடாது எழுதி மீள்வர். பச்சை பச்சையாகவும் நீலம் நீலமாகவும் இருக்கும். ஆயினும் பத்தடி தள்ளி நின்று நோக்கினால் படம் ஒன்றுஞ் சொல்லாது. தமக்குச் சித்திரம் வாய்க்கவில்லையென்று தூரிகையைக் கழுவி வைத்துவிட்டோரும் உளர். கையின்மீது பழி சுமத்துமுன், அவர் செய்யாது விட்ட சிறு வேலையொன்றை நோக்குவோம்.

நிறம் வேறு, அதன் வெளிறலுங் கருமையும் வேறு. செவ்வரத்தம்பூவும் அதன் இலையும் நிறத்தால் எதிரெதிரானவை. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்திலோ இலை எது, பூ எது எனத் தடுமாறுகிறோம். உருவத்தையுந் தூரத்தையும் நமக்கு உணர்த்துவதிற் பெரும்பங்கு இவ்வெளிறல் கருமைப் படிகளுக்கே உரியது. ஆதலால் வர்ணத்தைத் தொடுமுன் கடதாசியில் தீப்பெட்டி அளவான கட்டமொன்றை வரைந்து, வெள்ளை, சாம்பல், கருமை என்னும் மூன்றே படிகளாற் காட்சியை நிரப்புக. கண்ணைச் சுருக்கிப் பார்த்தல் வேண்டும். அப்போது ஓலையும் அலையும் மறைந்து பெரிய திட்டுக்கள் மாத்திரம் எஞ்சும். அவை நான்கைந்துக்கு மேற்படின், அருகிலுள்ளவற்றை ஒன்றாக இணைத்துவிடலாம். தனித்தனிப் பனைகள் ஒரே கரிய தோப்பாகிவிடும்; அதனால் நட்டமில்லை.

இத்தகைய கட்டங்கள் மூன்று நான்கு வரைந்து பார்ப்பது நன்று. ஒன்றில் வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கும், மற்றொன்றில் நிலத்துக்கு அவ்வளவும் கொடுக்கலாம். சரிபாதியாகப் பிரித்தால் எது தலைமையென்று தெரியாமற் படம் தயங்கும்.

அமெரிக்க ஓவியர் ஜோன் கார்ல்சன் 1929 இல் வெளியிட்ட நூலில் எளிய விதியொன்றைக் கூறினார். ஒளி வானிலிருந்து வருவதால் வானமே மிக வெளிறியது. அவ்வொளியை நேரே ஏற்கும் சமநிலம் அடுத்தது. சரிவுகள் அதனினுங் கரியவை. நிமிர்ந்து நிற்கும் மரங்கள் மிகக் கரியவை. நல்ல விதிதான். ஆனால் நம்மூர் உச்சிவெயில் அதற்கு எப்போதும் அடங்குவதில்லை. சித்திரை மாதத்து வெண்மணல் ஒழுங்கை, நீலவானினும் பளிச்சிடுவதைக் காண்கிறோம். அவ்வேளை கண்ணையே நம்புக.

எதை விடுவது என்பதே கடினம். இங்கிலாந்தின் ஜோன் கொன்ஸ்டபிள் 1821 இல் காட்சிக்கு வைத்த 'வைக்கோல் வண்டி' ஏறக்குறைய ஆறடி அகலமானது. அதற்குமுன் அதே அளவில் முழு மாதிரியொன்றைத் தீட்டினார். இன்று அது லண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உளது. அம்மாதிரியில் முன்கரையிலே குதிரையொன்று நிற்கிறது. இறுதிப் படத்தில் அதனை நீக்கிப் பீப்பாயொன்றை வைத்தார்; பின்னர் அதனையும் பூசி மறைத்தார். நீரில் நிற்கும் வண்டியை அடையுமுன் நமது கண் கரையிலேயே தங்கிவிடும் என அவர் கருதியிருத்தல் கூடும். ஆறடித் திரையில் ஒரு குதிரைக்கே இடமில்லையென்றால், நமது சிறு கடதாசியில் இத்தனை காகங்களுக்கு இடமேது?

கைப்பேசி உள்ளவர், முன்பு தீட்டிய படமொன்றை அதில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கலாம். வானும் நீரும் தோப்பும் ஒரே சாம்பலாய்க் கலந்து தோன்றின், அடுத்த ஞாயிறு வர்ணப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, பென்சிலோடு மாத்திரங் கடற்கரைக்குச் செல்க.