டோக்கனுக்குப் பதில் ஆளா?

சினிமா கொட்டகையில் பிளாக் டிக்கெட் விற்றால் போலீஸ் பிடிக்கும். அமெரிக்காவின் பெண்கள் கால்பந்து லீகில் 'முதலில் ஆள் எடுக்கும் டோக்கனை' அணிகள் பகிரங்கமாகவே கைமாற்றிக்கொண்டன!

டிராப்ட் என்று அதற்குப் பெயர். புது வீராங்கனைகளை அணிகள் முறைவைத்துப் பொறுக்கும். போன சீசனில் கடைசியில் கிடந்த அணிக்கு முதல் டோக்கன். நோஞ்சானும் தேறட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். டோக்கனை விற்கலாம் என்று விட்டார்களே, அங்கேதான் வினை.

2023 ஜனவரி. முதல் டோக்கன் கோத்தம் அணியிடம். லாஸ் ஏஞ்சல்ஸின் ஏஞ்சல் சிட்டி அணிக்கோ உள்ளூர்ப் பொண்ணு அலிசா தாம்சன் மேல் கண். வயசு 18, பள்ளி மாணவி. மூன்று அணிகள் கூடிப் பேரம் பேசின. முதல் டோக்கன் ஏஞ்சல் சிட்டிக்கு, ஐந்தாவது டோக்கன் போர்ட்லாந்துக்கு. கோத்தமுக்கு? போர்ட்லாந்து வீராங்கனை யாஸ்மீன் ரயன்! மேற்கொண்டு சம்பள ஒதுக்கீட்டுப் பணமும் கைமாறியது.

தாம்சனுக்கு யோகம், சொந்த ஊரிலேயே ஆட்டம். ரயனோ மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு மூட்டை கட்டினார். அன்றைய விதிப்படி இப்படி மாற்ற வீராங்கனையின் சம்மதம் கட்டாயமில்லை. என்ன நியாயம் இது?

அதே 2023-ல் கோத்தம் கோப்பையைத் தூக்கியதே என்பார்கள். தூக்கட்டும். அதுக்காக ஆளைக் கேட்காமல் அனுப்பலாமா?

2024 ஆகஸ்டில் வீராங்கனைகள் சங்கம் புது ஒப்பந்தத்தில் டிராப்டுக்கே முழுக்குப் போட வைத்தது. சம்மதமில்லாமல் யாரையும் மாற்றவும் முடியாது. சபாஷ்! நோஞ்சான் அணிக்கு ஆள் வேணுமா, நல்ல சம்பளம் கொடுத்துக் கூப்பிடட்டும்.

ஆண்கள் லீகோ 2024 டிசம்பரிலும் டிராப்ட் நடத்தியது. அந்தப் பையன்கள் எப்போது கேட்கப் போறாங்க?