சுறாவுக்கு மெமோ கொடுக்க முடியாது

"சுறா மனித ரத்தத்தை ருசி பார்த்துவிட்டது, இனி விடாது." ரெயூனியோன் தீவைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்கள் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. (ஆங்கிலம் படித்தவர்கள் ரீயூனியன் என்பார்கள். எனக்கு ஃபிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வந்த உச்சரிப்பு இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) சொல்பவர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்தத் தீவு நமக்கு அந்நியமல்ல. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறி அங்கே போய் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் சந்ததியை அங்கே 'மலபார்' என்பார்கள். சேந்தாந்த்ரே ஊருக்குப் போனால் கோயில், கொடிமரம், தீமிதி எல்லாம் உண்டு. என் தங்கையின் பேரப்பிள்ளைகள் அந்தத் தீவில்தான் வளர்கிறார்கள். சுற்றிலும் கடல், ஆனால் கடலில் இறங்கப் பயம். அதனால் எனக்கு இது வெறும் செய்தி இல்லை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2011 முதல் 2019 வரை அந்தத் தீவின் கரையோரத்தில் சுறா தாக்கி 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அலைச்சறுக்கு ஆடியவர்கள். 2013 ஜூலையில் சேன்போல் விரிகுடாவில் இறந்தது 15 வயதுப் பெண். கரையிலிருந்து சில மீட்டர் தூரத்தில்தான் நீந்திக்கொண்டிருந்தாள். 2015 ஏப்ரலில் 13 வயதுப் பையன். ஒன்பது லட்சம் பேர்கூட இல்லாத ஒரு தீவுக்கு இது சாதாரண எண்ணிக்கை அல்ல. உலகம் முழுவதிலுமே, மனிதர் சீண்டாமல் சுறா தாக்கும் சம்பவங்கள் ஆண்டுக்கு 60, 70 என்ற அளவில்தான் பதிவாகின்றன. இறப்பது சராசரியாக ஆறு பேர்.

ஆகவே தாக்குதல் கூடியது உண்மை. காரணம் என்ன என்பதில்தான் சண்டை.

எங்கள் ஃபிரெஞ்சு இலக்கண மிஸ்யே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். வாக்கியத்தில் எழுவாய் எது என்று தெரியவில்லையா? வினைச்சொல்லுக்கு முன்னால் 'கி எஸ் கி?', அதாவது 'யார் செய்தது?' என்று கேள், எழுவாய் தானே வந்து நிற்கும் என்பார். ரெயூனியோனில் இந்த விவகாரத்துக்கு வைத்த பெயர் 'லா க்ரீஸ் ரெக்கேன்', சுறா நெருக்கடி. பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கி எஸ் கி? சுறா!

நம் ஊரிலும் இதே இலக்கணம்தான். 'கடல் மணலைத் தின்றுவிட்டது' என்கிறோம். 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினோம். தெற்கிலிருந்து வடக்கே தானாக நகர்ந்து வந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே மணற்கரை போய்க் கருங்கல் வந்தது. கி எஸ் கி என்று கேட்டால் கடல் கை தூக்காது.

நான் முப்பது ஆண்டுக்கு மேல் ஃபைல் தள்ளியவன். எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில், மழையில் ஒரு தெருவே மூழ்கியதற்கு விளக்கம் கேட்டார்கள். வாய்க்காலைத் தூர் வாராதது நீ என்று இவர்கள் அவர்களுக்கு எழுத, மேலே கடை கட்ட அனுமதித்தது நீ என்று அவர்கள் இவர்களுக்கு எழுத, ஃபைல் எட்டு மாதம் நடந்தது. கடைசியில் காரணம் என்ற இடத்தில் 'எதிர்பாராத கனமழை' என்று எழுதி மூடினார்கள். ஏன் தெரியுமா? மழைக்கு மெமோ கொடுக்க முடியாது. மழை பதில் எழுதாது, சங்கம் வைத்துக் கோஷம் போடாது. சுறாவும் அப்படித்தான்.

இப்போது அங்கே யார் யார் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள்.

அலைச்சறுக்குக்காரர்கள் சொன்னது: "2007-இல் மேற்குக் கரையில் கடல் காப்பகம் வைத்தீர்கள். மீன் பிடிப்பதைக் கட்டுப்படுத்தினீர்கள். அது சுறாவுக்குச் சாப்பாட்டு அலமாரி ஆகிவிட்டது." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போடுங்கள். இந்தத் தாக்குதல்களில் முக்கியமாகச் சம்பந்தப்பட்டது புல்டாக் சுறா, ஃபிரெஞ்சில் 'பூல்தோக்'. அது பருவத்துக்கு வரவே பத்து ஆண்டு போல ஆகும். 2011-இல் ஆளைக் கடித்த பெரிய சுறா காப்பகத்துக்கு முன்பே பிறந்தது. சரி, வேறு இடத்திலிருந்து இரை தேடி வந்ததாகவே வைத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரியில் ஒரு இளைஞர் இறந்தது எங்கே? கிழக்குக் கரையில், நம் மலபார்கள் நிறைந்த சேந்தாந்த்ரேயில், ஆற்று முகத்துவாரம் பக்கம், கலங்கிய நீரில். 2019 ஜனவரியில் மீனவர் இறந்ததும் கிழக்கே சேந்த்-ரோஸில். காப்பகம் இருப்பதோ மேற்கே. அலமாரி ஒரு வீட்டில், திருட்டு வேறு வீட்டிலா?

சுற்றுச்சூழல்காரர்கள் சொன்னது: "கடல் சுறாவின் வீடு. போனவன் தப்பு." இதையும் நான் ஏற்கமாட்டேன். 15 வயதுப் பெண் கரையோரத்தில் நீந்தியதற்கு இதுதான் பதில் என்றால், அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரட்டும்.

மேர்கள் அரசாங்கத்தைக் காட்டினார்கள், அரசாங்கம் மேர்களைக் காட்டியது. கடைசியில் 2013 ஜூலையில் ப்ரெஃபே உத்தரவு போட்டார். பவளத் திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத நீரையும், காவல் போட்ட இடங்களையும் தவிர வேறெங்கும் குளிக்கவோ அலைச்சறுக்கு ஆடவோ கூடாது என்று. பிறகு அதை நீட்டித்துக்கொண்டே போனார்கள். கூடவே 90 சுறாக்களைப் பிடிக்க ஒரு திட்டம். தடை உத்தரவு எழுதியவர்களுடன் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு அரசாங்கத்துக்குத் தடையைப் போலச் செலவில்லாத வேலை வேறில்லை.

யாரும் முன்னால் எழுந்து சொல்லத் தயங்கிய காரணங்கள் தரையில் கிடக்கின்றன.

ஒன்று, கலங்கல் நீர். புல்டாக் சுறா மற்றச் சுறாக்களைப் போல அல்ல. நன்னீரிலும் வாழும். அமேசான் ஆற்றில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே அதைக் கண்டிருக்கிறார்கள். கலங்கல் தண்ணீர், ஆற்று வாய், மாலை மங்கல் நேரம், இவைதான் அதன் வேட்டைக்குத் தோது. ரெயூனியோன் செங்குத்தான எரிமலைத் தீவு. 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டி உலக சாதனை படைத்த மண். அப்படிப்பட்ட சரிவில் காட்டை வெட்டி, வீடு கட்டி, ரோடு போட்டால் மழைத் தண்ணீர் மண்ணில் இறங்காது. சேற்றோடு நேரே கடலுக்குப் போகும்.

இரண்டு, மக்கள் தொகை. 1982-இல் 5 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது இன்று 9 லட்சத்தை நெருங்குகிறது. வறண்ட மேற்குக் கரையில் வெயிலுக்காகவும் கடற்கரைக்காகவும் ஊர்கள் பெருத்தன. கிழக்கேயிருந்து மலையைக் குடைந்து மேற்கே தண்ணீர் கொண்டுவந்தார்கள். வீடு பெருகிய வேகத்துக்குக் கழிவுநீர் ஏற்பாடு பெருகவில்லை. கழிவு போகும் இடத்தில் சிறு மீன் கூடும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். இதைச் சொல்ல ஆராய்ச்சி நிலையம் வேண்டாம், நம் குப்பத்துப் பையன் சொல்வான்.

மூன்று, 1999-இல் அங்கே சுறாக்கறி விற்பனையைத் தடை செய்தார்கள். சாப்பிட்டால் நச்சு ஏறும் என்ற பயம். விற்க முடியாததை யார் பிடிப்பான்? பன்னிரண்டு ஆண்டு கழித்து வளர்ந்த சுறாக்கள் கரையோரம். எல்லாப் பழியையும் காப்பகத்தின் மேல் போட்டவர்கள் இந்தத் தேதியைச் சற்றுக் கவனித்திருக்கலாம்.

நான்கு, கடலில் ஆள் கூடியது. முன்பெல்லாம் வயதான கிரியோல்காரர் மழை விட்ட மறுநாள் இறங்கமாட்டார், ஆற்று வாய்ப்பக்கம் போகமாட்டார், பொழுது சாய்ந்தால் கரையேறிவிடுவார் என்று என் மைத்துனர் சொல்வார். சுற்றுலாவுக்கும் விளையாட்டுக்கும் வந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

இது ரெயூனியோனில் மட்டும் நடந்த கதையும் அல்ல. பிரேசிலில் ரெசிஃபே நகரக் கடற்கரையில் 1992 முதல் தாக்குதல் பெருகியது. அதற்கு முன் தெற்கே சுவாப்பே துறைமுகம் கட்டி, ஆற்று முகத்துவாரத்தையும் அலையாத்திக் காட்டையும் குலைத்திருந்தார்கள். எகிப்தில் ஷார்ம் எல் ஷேக்கில் 2010 டிசம்பரில் அடுத்தடுத்துத் தாக்குதல். இரண்டு சுறாக்களைப் பிடித்துவிட்டோம் என்று கடற்கரையைத் திறந்தார்கள், மறுநாளே ஒரு ஜெர்மன் மூதாட்டி இறந்தார். அங்கே இஸ்ரேல் உளவுத்துறையின் வேலையாகவும் இருக்கலாம் என்று மாநில ஆளுநர் பேசினார்! கப்பலிலிருந்து ஆட்டுப் பிணங்களைக் கடலில் எறிந்ததும், சுற்றுலாக்காரர்கள் சுறாவுக்குத் தீனி போட்டதும் அப்புறம்தான் பேச்சில் வந்தன.

"சரி ஐயா, 2019 மே மாதத்துக்குப் பிறகு அங்கே பல ஆண்டுகள் யாரும் சாகவில்லையே, சுறாவைக் கொன்றதால்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே காலத்தில் தடை இருந்தது, கடலில் ஆள் குறைந்தது, தண்ணீருக்குள் முழுகிக் காவல் பார்க்கும் குழு வந்தது. நாலு மாத்திரையைச் சேர்த்து விழுங்கிவிட்டு, ஜுரம் விட்டது இந்தச் சிவப்பு மாத்திரையால்தான் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, தூண்டிலில் அதிகம் மாட்டியது புல்டாக் அல்ல, புலிச்சுறா. குற்றவாளி ஒருவன், தூக்கில் ஏறியது அவன் பங்காளி.

ருசி விஷயத்துக்கும் வருகிறேன். பால்சுறாப் புட்டு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அதைப் பேச அருகதை உண்டா? உலகில் மனிதன் கொல்லும் சுறாக்கள் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. ஆறு பேருக்குப் பத்துக் கோடி. ருசி கண்டது யார்?

சுறா சாது என்று நான் சொல்லவில்லை. கடித்தால் உயிர் போகும். அதனால்தான் காரணத்தைச் சரியாக எழுத வேண்டும் என்கிறேன். காரணம் என்ற இடத்தில் சுறா என்று எழுதினால் பரிகாரம் தூண்டில். கழிவுநீர் என்று எழுதினால் பரிகாரம் சுத்திகரிப்பு நிலையம். அதற்குக் காசு வேண்டும், டெண்டர் வேண்டும், யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கே பேரன் பேத்தி உள்ளவர்கள் அடுத்த முறை போன் பேசும்போது இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள். மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் இறங்காதே, ஆற்று வாயில் குளிக்காதே, பொழுது சாய்வதற்குள் கரையேறு, காவல் இல்லாத இடத்துக்குப் போகாதே. அங்கே ஓட்டுரிமை உள்ளவர்களிடம் கூடுதலாக ஒன்று சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வரும் மேரிடம், எங்கள் தெருவின் சாக்கடை எந்த இடத்தில் கடலில் விழுகிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.