மூன்று படகு நீளம்

சென்னைக் கடலில் பாய்மரப் படகுப் போட்டியின்போது, சுற்றித் திரும்ப வேண்டிய ஆரஞ்சு மிதவையை நெருங்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். என் லேசர் படகு 4.2 மீட்டர். அதில் மூன்று நீளம், ஏறக்குறைய 13 மீட்டர்தான் மிதவையைச் சுற்றிய வட்டம். தண்ணீரில் யார் கோடு போட்டார்கள்? முதல் படகு வட்டத்துக்குள் வரும் கணத்தில் இரண்டு படகுகளும் பக்கம் பக்கமாக இருந்தால், உட்புறப் படகுக்கு வெளிப்புறப் படகு இடம் விடவேண்டும். பிறகு மூக்கை நுழைப்பவருக்கு உரிமையில்லை. சந்தேகமா? நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றே கொள்ளச் சொல்கிறது போட்டி விதிகளில் 18ஆம் விதி.

போன மாதம் அப்படி நுழைந்தவன் நான்தான். நடுவர் யாரும் பார்க்கவில்லை. பக்கத்துப் படகுப் பையன் ‘புரோட்டஸ்ட்’, அதாவது ஆட்சேபம், என்று கத்தினான். விலகிப்போய்த் தண்டனையாகப் படகை இரண்டு முறை சுற்றவைத்தேன். ஆறு பேர் முந்திப் போனார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாய் இழுக்கச் சொல்லித்தரும் முன்பே இந்தச் சுற்றைச் சொல்லித்தர வேண்டும் என்பேன். அந்தப் பையனுக்கு வயது பதிமூன்று.