டெஸ்ட் ஃபெயில் ஆனால் டெஸ்டை அழிக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் கிரகப்பிரவேச அழைப்பிதழ் கொடுக்க திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. "ரெண்டு நாளா தூக்கமில்லை டீச்சர்" என்றான்.

கண்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை அவனுக்கு. லாரி கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பதிவு விழ வேண்டும். பைதான் மொழியிலிருந்து டேட்டாபேஸோடு பேச எஸ்க்யூஎல்ஆல்கெமி என்றொரு லைப்ரரி இருக்கிறதாம். அதை 1.4-லிருந்து 2.0-க்கு மாற்றியிருக்கிறார்கள். பல டெஸ்ட்கள் ஃபெயில்; எல்லாவற்றையும் சரிசெய்தும் ஒன்று மட்டும் அடங்கவில்லை. ஒரு லாரியைப் பதிந்துவிட்டு, புதிதாக இணைந்து எண்ணினால் 1 வர வேண்டும், 0 வருகிறது. பதியும்போது எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

"அந்த டெஸ்டை எடுத்துட்டு அனுப்பிடலாம்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க டீச்சர்."

"புதுசுல என்ன மாத்தினாங்கன்னு முழுசாப் படிச்சியாடா?" என்றேன். விழித்தான். என் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து படித்தான். அரை மணி நேரத்தில் காரணம் கிடைத்தது.

பழையதில், பதிவு எழுதியதும் லைப்ரரி தானே 'கமிட்' செய்துவிடும். 2.0-வில் நாம்தான் கமிட் செய்ய வேண்டும். செய்யாமல் இணைப்பை மூடினால் எழுதியது ரத்து. தலைமையாசிரியர் கையெழுத்து இல்லாத வருகைப் பதிவேடு மாதிரி. ஒரு வரி சேர்த்தான், டெஸ்ட் பாஸ்.

இது திடீர் மாற்றமும் இல்லை. 1.4 வந்தது 2021 மார்ச், 2.0 வந்தது 2023 ஜனவரி. எது எது போகப்போகிறது என்று எச்சரிக்கும் வசதி 1.4-லேயே இருந்தது. யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

டெஸ்டை எடுத்திருந்தால்? எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உள்ளே வந்த வண்டிக்குப் பதிவே இல்லையென்றால், ராத்திரியெல்லாம் நிற்பது அந்த டிரைவர்தான்.

அவனைக் கேட்ட நானும் ஒருமுறை அதே தப்பைச் செய்தவள். 2010-இல் ஆறாம் வகுப்புக்குச் சமச்சீர் புத்தகம் வந்தது. முதல் மாதத் தேர்வில் பாதி வகுப்பு ஃபெயில். நான் பாடம் நடத்தும் முறையை மாற்றவில்லை. அடுத்த கேள்வித்தாளைச் சுலபமாக்கினேன். எல்லோரும் பாஸ். எனக்கும் நிம்மதி. மறுவருஷம் ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் பின்னக் கணக்கில் திணறியபோதுதான் உறைத்தது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஃபெயில் என்பது அவமானம் இல்லை, தகவல். டெஸ்டே தவறாக இருக்கலாம்தான். ஆனால் அதைக் காரணம் கண்டுபிடித்த பிறகு சொல்லுங்கள். அதுவரை அதன்மேல் கைவைக்காதீர்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு வருகிறேன் தம்பி. அன்றைக்காவது லேப்டாப்பை மூடி வை.