வழக்கு ஊர் மாறும்போது...

சில ஆண்டுகளுக்கு முன், விபத்து வழக்கு ஒன்றில் சாட்சியம் அளிக்க எங்கள் குமரி மாவட்டத்து நீதிமன்றம் ஒன்றுக்குச் சென்றேன். வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது என்பது அங்கு போன பிறகே தெரிந்தது. ஓய்வூதியம் பெறும் எனக்கு ஒரு காலைப்பொழுது வீணாயிற்று. மற்றொரு சாட்சியான பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போயிற்று. ஏன் மாற்றினார்கள் என்று சொல்வார் இல்லை.

மாற்றுவது தவறன்று. ஓரிடத்தில் வழக்குகள் குவிந்தால் பகிர்ந்தளிக்கத்தான் வேண்டும். மாவட்டத்துக்குள் மாற்றும் அதிகாரத்தை அமர்வு நீதிபதிக்கு பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 448-ஆம் பிரிவு தருகிறது. காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறது 452-ஆம் பிரிவு. மாவட்டம் விட்டு மாவட்டம் மாற்றுவது 447-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் பொறுப்பு. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 407.)

அந்த அதிகாரத்தைத் திறந்த மன்றத்தில் விசாரித்துத்தான் பயன்படுத்த வேண்டுமா, அலுவலகக் குறிப்பிலேயே முடித்துவிடலாமா என்பதே கேள்வி. அமைச்சராக இருந்த க.பொன்முடி மீதான சொத்துக்குவிப்பு வழக்கு, 2022-இல் விழுப்புரத்திலிருந்து வேலூருக்கு நிர்வாக ஆணையால் மாற்றப்பட்டது. 2023 ஜூன் 28-இல் அவர் விடுதலையானார். தீர்ப்பளித்த நீதிபதி இரண்டே நாளில் ஓய்வு பெற்றார். எழுத்துபூர்வ வாதம் தாக்கலான நான்கே நாள்களில் 172 சாட்சிகள், 381 ஆவணங்களைப் பரிசீலித்து 226 பக்கத் தீர்ப்பு! ஆகஸ்ட் மாதம் தாமாக முன்வந்து மறுஆய்வைத் தொடங்கிய நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அந்த மாற்றமே சட்டப்படி செல்லாது என்ற கருத்தை முன்வைத்தார். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. விடுதலை சரியா, தவறா என்பதற்குள் நான் நுழையவில்லை. சரியான விடுதலையாகவே இருந்தாலும், வந்த வழி அதன்மீது நிழல் படியச் செய்துவிட்டது.

எதிர்வாதத்தையும் புறந்தள்ள இயலாது. நிர்வாகத் தேவைக்காக, தரப்பினரின் உரிமைக்கு ஊறு நேராதவரை உயர் நீதிமன்றம் நிர்வாக ரீதியிலும் மாற்றலாம் என்று ரண்பீர் யாதவ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. ஆனால், ஊறு நேர்ந்ததா இல்லையா என்பதை, காரணத்தையே காணாத ஒருவர் எப்படி அறிவார்?

2003-இல் ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சென்றதை எண்ணிப் பாருங்கள். அதுவும் கடும் சர்ச்சைக்குரிய மாற்றமே. எனினும், க.அன்பழகனின் மனு மீது இரு தரப்பு வாதங்களும் கேட்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் காரணங்களை எழுதியது. உடன்படாதவரும் அதைப் படித்து மறுக்க முடிந்தது.

பொருளியல் படித்தவன் என்பதால் செலவுக் கணக்கு பார்க்கிறேன். மாற்ற ஆணையின் காரணத்தை இரண்டு வரிகளில் இ-கோர்ட்ஸ் தளத்தில் பதிவேற்ற ஆகும் செலவு மிகச் சொற்பம். ஏற்கெனவே வழக்காடிகளுக்குக் குறுஞ்செய்தி போகிறது. சாட்சிக்கும் புதிய நீதிமன்றத்தின் பெயரோடு ஒன்று போனால், குலசேகரத்திலிருந்து முதல் பேருந்து பிடிப்பவர் எந்த ஊருக்குச் சீட்டு வாங்குவது என்றாவது தெரிந்துகொள்வார்.